எட்டு போட்டால் மட்டும் போதுமா?

மோட்டார் சைக்கிள் லைசென்சு வாங்கப் போகும் வாலிபர்களே, கவனியுங்கள்!

காலை மணி 10. சென்னையில் ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். ஜனங்கள் வாயில் அது ஆர்.டி.ஓ. ஆபீசு.

மைதானத்தில் நீண்ட வரிசை. கல்லூரி மாணவர்கள், கடைச் சிப்பந்திகள், குமாஸ்தாக்கள், கைப்பையை இறுகப் பிடித்தபடி ஒரு குடும்பத் தலைவி என்று பலரும் நிற்கிறார்கள். எல்லோர் கண்ணும் தரையில். அங்கே வெள்ளைக் கோட்டில் பெரிய "8" போட்டிருக்கிறது.

"அடுத்த ஆள் வாப்பா!"

வந்தார் ஒரு வாலிபர். வயது 22. ஜவுளிக்கடை சேல்ஸ்மேன். அதே கடையில் வீடு வீடாகச் சரக்குக் கொண்டு போய்க் கொடுக்கும் வேலை காலியாக இருக்கிறது. சம்பளம் கூடுதல். ஆனால் முதலாளி கண்டிப்பானவர். "முதல்ல லைசென்சைக் காட்டு. அப்புறம் வண்டிச் சாவியைத் தர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

வண்டி கிளம்பியது. முதல் வளைவு அழகாக வந்தது. பார்த்துக்கொண்டிருந்த நண்பர் சிரித்தார். எட்டின் நடுப்பகுதிக்கு வந்தபோதுதான் வினை. அவசரப்பட்டார். வண்டி ஆடியது. இடது காலைத் தரையில் ஊன்றிவிட்டார்!

"கால ஊனிட்டியே தம்பி. ஏழு நாள் கழிச்சு வா" என்றார் மோட்டார் வாகன ஆய்வாளர். ஜனங்களுக்கு அவர் "பிரேக் இன்ஸ்பெக்டர்".

வாலிபரின் முகம் வாடிவிட்டது. "ஒரு செகண்டுதான் சார் ஊனினேன்! ஒரே ஒரு செகண்டு!" என்று கெஞ்சினார்.

"ரோட்டுலயும் அந்த ஒரு செகண்டுதான் தம்பி" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

அது என்ன எட்டு?

வேகமாக ஓட்ட யாராலும் முடியும். மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம்.

எட்டில் ஒரு வளைவு இடது பக்கம். அடுத்தது வலது பக்கம். இரண்டிலும் விழாமல், கோட்டை விட்டு ஓடாமல், காலை ஊன்றாமல் வர வேண்டும். கிளட்சும் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் கைக்கும் காலுக்கும் பழகியிருந்தால்தான் அது நடக்கும். பஸ்சுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஊர்ந்து போகும் நகரத்து ரோட்டில் தினமும் தேவைப்படுவது இந்த வித்தைதான்.

பழகியவர்கள் சொல்லும் யோசனை இது. முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். கண் போகும் பக்கம் வண்டி போகும். கியரை அடிக்கடி மாற்ற வேண்டாம். மெதுவாகப் போகும்போது முன் பிரேக்கைத் திடீரென்று பிடிக்காதீர்கள். பின் பிரேக்கை லேசாக மிதித்தால் வண்டி ஆடாது.

ஆனால், எட்டோடு பரீட்சை முடிந்துவிட்டது என்று நினைப்பது தப்பு. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள பட்டியல் நீளமானது. கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டும். கிளம்பும் முன் பின்னால் பார்க்க வேண்டும். திரும்பும் முன் சைகை காட்ட வேண்டும். ஆள் கடக்கும் இடத்தில் நின்று வழிவிட வேண்டும். அவசரத்தில் வண்டியை நிறுத்திக் காட்டவும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவும் ஒருவருக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்ட்.

ஃபெயில் ஆனால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று தடவை ஃபெயில் ஆனால் 60 நாள் காத்திருக்க வேண்டும். பயிற்சி வகுப்பிலும் சேர வேண்டும் என்று 2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது.

முதலில் எல்.எல்.ஆர்.

டெஸ்டுக்கு முன்னால் எல்.எல்.ஆர். வாங்க வேண்டும். அதாவது, பழகுநர் உரிமம். இதற்கும் ஒரு சின்னப் பரீட்சை உண்டு. ரோட்டு அடையாளங்கள், சிக்னல், விபத்து நடந்தால் டிரைவர் செய்ய வேண்டியது, கையில் இருக்க வேண்டிய காகிதங்கள் பற்றிக் கேள்வி வரும். நூற்றுக்கு 60 எடுத்தால் பாஸ்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். வாங்கிய மறுநாளே டெஸ்டுக்குப் போக முடியாது. 30 நாளாவது ஆக வேண்டும். அந்த 30 நாளும் ஓட்டிப் பழகுவதற்காக. காலண்டரில் நாளை எண்ணிவிட்டு 29-ம் நாள் நண்பன் வண்டியை இரவல் வாங்குகிறவர்கள்தான் எட்டின் நடுவில் காலை ஊன்றுகிறார்கள்!

பழகும்போது வண்டியின் முன்னும் பின்னும் "எல்" போர்டு இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. போர்டு 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். நம்பர் பிளேட் மூலையில் விரல் நகம் அளவுக்கு ஒட்டி வைப்பது செல்லாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் பின் சீட்டில் யாரை வேண்டுமானாலும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. கற்றுக் கொடுப்பவர் மட்டுமே உட்காரலாம். அவரிடம் செல்லுபடியாகும் லைசென்சு இருக்க வேண்டும். தங்கையைக் காலேஜில் விடுவது, அம்மாவைக் கோவிலுக்குக் கூட்டிப் போவது எல்லாம் லைசென்சு வந்த பிறகுதான்.

கியர் உள்ள வண்டிக்கும் கியர் இல்லாத வண்டிக்கும் லைசென்சு வேறு வேறு. ஸ்கூட்டரில் டெஸ்ட் கொடுத்து "கியர் இல்லாத வண்டி" என்று லைசென்சு வாங்கியவர், அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்தால் அது லைசென்சு இல்லாமல் ஓட்டியது போலத்தான். விண்ணப்பம் போடும்போதே யோசித்துப் போடுவது நல்லது.

அப்பாவுக்கு ஜெயில்!

"பையனுக்கு 16 வயசு ஆயிடுச்சு. கியர் இல்லாத வண்டிதானே, ஓட்டலாம்" என்று சொல்லும் அப்பாக்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. 50 சி.சி. மொபெட். 50 சி.சி.க்கு மேற்போகாத வண்டியை 16 வயதில் ஓட்டலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதற்கும் லைசென்சு வேண்டும். பெற்றோர் சம்மதமும் வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் அந்த வரி இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆனால் வண்டிகள் அப்படியே இல்லை! இன்று வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சி.சி.க்கு மேலே. அவற்றைத் தொட 18 வயது ஆக வேண்டும். கியர் இருக்கிறதா, இல்லையா என்பது வயசுக் கணக்கில் வராது.

பேட்டரி வண்டியிலும் இதே குழப்பம். மோட்டார் சக்தி 250 வாட்டுக்கு மேற்போகாமல், வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டருக்குள் அடங்கும் வண்டிக்குத்தான் லைசென்சு தேவையில்லை. அதைவிட வேகமாகப் போகும் பேட்டரி ஸ்கூட்டரும் மோட்டார் வாகனம்தான்.

சின்னப் பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் என்ன ஆகும்? 2019-ல் சட்டத்தில் 199-ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரர்தான் குற்றவாளி. 3 ஆண்டு வரை ஜெயில். ரூ.25 ஆயிரம் அபராதம். வண்டியின் ரிஜிஸ்திரேஷன் 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும் வரை லைசென்சே கிடையாது!

"எனக்குத் தெரியாமல் எடுத்துக்கிட்டுப் போயிட்டான்" என்று அப்பா சொன்னால், அதை அவர்தான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும்.

இதோடு போகவில்லை. லைசென்சு இல்லாதவர் ஓட்டி ஒருவர் மீது மோதிவிட்டால் நஷ்ட ஈடு லட்சக்கணக்கில் போகும். இன்சூரன்சு கம்பெனி அதைக் கட்டிவிட்டு, வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளக் கோர்ட்டு அனுமதி கொடுப்பது உண்டு. ஒரு நாள் ஆசைக்கு வீட்டை விற்க வேண்டிய நிலை வரலாம்.

14 மீட்டர் தூரம்!

பிரேக் இன்ஸ்பெக்டர் சொன்ன "ஒரு செகண்டு" கணக்குக்கு வருவோம்.

மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு செகண்டில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். ஒரு மாநகர பஸ்சின் நீளத்தைவிட அதிகம். செல்போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க 2 செகண்டு ஆகும். அதற்குள் வண்டி 28 மீட்டர் போயிருக்கும். அந்த 28 மீட்டரும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியது மாதிரிதான்.

எதிரே ஒரு குழந்தை ஓடி வருகிறது. கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைப் பிடிக்கவே ஏறக்குறைய ஒரு செகண்டு ஆகிவிடும். பிரேக் பிடித்த பிறகும் வண்டி கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும்.

ஆகவே முன்னால் போகும் வண்டியை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் மனசுக்குள் எண்ணத் தொடங்குங்கள். மூன்று செகண்டு ஆன பிறகு நீங்கள் அந்தக் கம்பத்தைத் தாண்டினால் இடைவெளி சரி. மழை பெய்தால் இன்னும் அதிகம் விடுங்கள். தூறல் ஆரம்பித்த முதல் சில நிமிடங்களில் ரோட்டில் உள்ள எண்ணெயும் தூசியும் தண்ணீரில் கலந்து வழுக்கும்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் முன் பிரேக்கைக் கண்டு பயப்படுவார்கள். பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதிப்பார்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் பக்கம் சாய்கிறது. அதனால் வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். நேராகப் போகும்போது இரண்டையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். 2019 ஏப்ரலில் இருந்து புது வண்டிகளில் ஏ.பி.எஸ். அல்லது இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் வசதி கட்டாயம். அது உதவிக்குத்தான். வேகத்துக்கு அனுமதிச் சீட்டு அல்ல!

யாருக்கு வழி?

ரோட்டு விதிகள் 2017-ல் புதிதாக எழுதப்பட்டன. அடிப்படை என்னவோ பழையதுதான்.

இடது பக்கமாகப் போக வேண்டும். முந்துவது வலது பக்கமாக. முன் வண்டி வலது பக்கம் திரும்ப சைகை காட்டினால் மட்டும் இடது பக்கமாகப் போகலாம். வளைவிலும், எதிரே தெரியாத மேட்டிலும் முந்தக் கூடாது. உங்களை ஒருவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டி வம்பு பண்ணக் கூடாது.

போலீஸ்காரரும் சிக்னலும் இல்லாத சந்திப்பில் யார் முதலில் போவது? ஆரன் பலமாக அடிப்பவர் அல்ல! மெயின் ரோட்டில் வருகிறவருக்கு முதல் உரிமை. மற்ற இடங்களில் உங்கள் வலது பக்கம் இருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவில், ஏற்கனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட வேண்டும்.

வலது பக்கம் திரும்புகிறீர்களா? முன்கூட்டியே இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக ரோட்டின் நடுப்பக்கம் வந்து திரும்ப வேண்டும். இடது ஓரத்தில் வந்து குறுக்கே பாய்வதுதான் பல விபத்துகளுக்குக் காரணம். திரும்பிய பின் இண்டிகேட்டரை அணைக்க மறக்காதீர்கள். அணைக்காத இண்டிகேட்டர் பொய் சொல்லும் வாய் மாதிரி.

மஞ்சள் விளக்கு விழுந்தால் "சீக்கிரம் போ" என்று அர்த்தம் இல்லை. "நில்" என்று அர்த்தம். நிற்பது வெள்ளைக் கோட்டுக்கு முன்னால். ஜீப்ரா கோட்டின் மேல் வண்டியை நிறுத்தினால், கிழவரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் எங்கே நடப்பார்கள்?

பஸ், லாரி அருகே இன்னும் எச்சரிக்கை தேவை. லாரி டிரைவரின் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவர் கண்ணில் படவில்லை. இடது பக்கச் சந்தில் நுழைந்தபோது லாரி இடது பக்கம் திரும்பினால் கதை முடிந்தது.

தலைக்கு மேல் என்ன இருக்கு?

தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்று 2007 ஜூன் 1-ந்தேதி உத்தரவு வந்தது. கொஞ்ச நாளில் தளர்ந்தது. பிறகு சென்னை ஐகோர்ட்டு சொன்னதன் பேரில் 2015 ஜூலை 1-ந்தேதி முதல் மறுபடி கண்டிப்பானது. 2022 அக்டோபரில் அபராதம் ரூ.1,000 ஆக உயர்ந்தது. பின் சீட்டில் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் கணக்கைப் பாருங்கள். 2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் ஹெல்மெட் போடாமல் விபத்தில் செத்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கு வெளியிட்டது. அதில் 14,337 பேர் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள்!

ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு போவதும், முழங்கையில் மாட்டிக்கொண்டு போவதும் எந்த மண்டையையும் காப்பாற்றாது. தாடைப் பட்டையைப் போடாவிட்டால், விழும்போது முதலில் பறப்பது ஹெல்மெட்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 2021 ஜூன் முதல் முத்திரை இல்லாததை விற்கவே கூடாது.

9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தையை ஏற்றிச் சென்றால், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கான ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியில் இருந்து இதுவும் விதி.

இரண்டு பேருக்கு மேல் ஏறினால் ரூ.1,000. ஓட்டும்போது செல்போன் பேசினால் ரூ.1,000. லைசென்சு இல்லாமல் ஓட்டினால் ரூ.5 ஆயிரம். குடித்துவிட்டு ஓட்டினால் ரூ.10 ஆயிரம். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டாலும் ரூ.10 ஆயிரம். காகிதத்தைக் கையில் கொண்டு போகவில்லையே என்று பயப்பட வேண்டாம். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் வழியாகச் செல்போனில் காட்டினாலும் செல்லும்.

ஓடாதீர்கள்!

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் மோதல் நடந்துவிடலாம். அப்போது புதிதாக ஓட்டுகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, பயந்து ஓடிவிடுவது. அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க வழி செய்ய வேண்டியது, ஓட்டியவரின் சட்டப்படியான கடமை. 108-க்குப் போன் செய்யுங்கள். போலீசுக்குத் தகவல் கொடுங்கள்.

வழியில் போகிறவர் உதவி செய்தால் வம்பில் மாட்டுவாரோ என்ற பயமும் வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர் 18-ந்தேதி தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை இதில் இலவசம்.

மறுபடி மைதானத்தில்...

ஏழு நாள் ஓடிவிட்டது. ஜவுளிக்கடை வாலிபர் மறுபடி வந்தார். இந்த ஒரு வாரமும் விடியற்காலையில் நண்பரைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஓட்டிப் பழகியிருக்கிறார்.

வண்டி ஊர்ந்தது. ஒரு வளைவு. நடுப்பகுதி. அடுத்த வளைவு. கால் தரையில் படவில்லை!

கண்ணாடி பார்த்தார். சைகை காட்டினார். சொன்ன இடத்தில் நிறுத்தினார்.

"பாஸ். பார்த்துப் போ தம்பி" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

லைசென்சு இன்னும் கைக்கு வரவில்லை. அதனால் "எல்" போர்டை அவிழ்க்கவில்லை. லைசென்சு உள்ள நண்பர் பின்னால் ஏறிக்கொண்டார். இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டு, பட்டையை மாட்டினார்கள்.

வாசலில் மெயின் ரோடு. வலது பக்கம் இருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் முறுக்கினால் அதற்குள் நுழைந்துவிடலாம்.

"போயிடலாம்டா, இடம் இருக்கு" என்றார் நண்பர்.

"இருக்கட்டும்டா. ஒரு செகண்டு" என்று காலை ஊன்றி நின்றார் வாலிபர்.

பஸ் போனது. பிறகு கிளம்பினார்.